பிடோக் ஜெட்டியில் கப்பல் எண்ணுவதுபோல விண்மீன் எண்ணினால்

"வானத்தில் பிரகாசமான விண்மீன்கள் எத்தனை, மங்கலானவை எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தொலைநோக்கியில் படம் எடுத்து எண்ணிவிட்டால் ஆயிற்றே, அதற்கு ஏன் இத்தனை சூத்திரம்?" இதுதான் கேள்வி. கேட்ட தம்பி தொடக்கக்கல்லூரியில் முதலாம் ஆண்டு. பாடத்துக்கு வெளியே எதையோ படிக்கப்போய் ‘ஒளிர்வுச் சார்பு’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "இதை வைத்து நானே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?"

முடியும், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், எண்ணினால் போதாது. எண்ணுவது வேலையில் எளிய பாதி. எண்ணிய ஒவ்வொன்றையும் பார்த்து, ‘இன்னும் எவ்வளவு தூரம் தள்ளிப்போயிருந்தால் நீ என் கண்ணில் படாமல் போயிருப்பாய்?’ என்று கேட்பதுதான் மற்ற பாதி. சூத்திரமெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

சிங்கப்பூர்க்காரருக்கு இதைச் சொல்ல வானத்துக்குப் போக வேண்டியதில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பிடோக் ஜெட்டி இருக்கிறது. சின்ன வயதில் மாமா அங்கே தூண்டில் போடப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். மீன் கடிக்கிற வரைக்கும் வேறு வேலை கிடையாது. எதிரே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "பாத்தியா, நம்ம கடல்ல எல்லாமே பெரிய கப்பல்தான்" என்பார் மாமா, ஏதோ எல்லாம் அவர் வாங்கி விட்டது போல. நானும் நம்பினேன்.

இப்போது கணக்குப் போடுவோம். எண்களைக் கணக்குக்காக நானே வட்டமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு சின்னப் படகின் விளக்கு 1 கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று வையுங்கள். பெரிய கப்பலின் விளக்குகள் அதைப்போல 100 மடங்கு பிரகாசம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பது எதிர்த்தகவு இருமடி விதி. ஆக 100 மடங்கு பிரகாசமான விளக்கு 10 மடங்கு தூரம், அதாவது 10 கிலோமீட்டர் வரை தெரியும். ஜெட்டியில் நின்று எண்ணுகிறேன்: படகு 4, கப்பல் 80. மாமா சொன்னது சரிதானே?

இல்லை. படகுகளை நான் 1 கிலோமீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் மட்டும்தான் பார்த்தேன். அதன் பரப்பு சுமார் 1.57 சதுர கிலோமீட்டர். கப்பல்களையோ 10 கிலோமீட்டர் அரைவட்டம் முழுக்கப் பார்த்தேன், அது 157 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் படகு 2.5, கப்பல் 0.5. படகுதான் ஐந்து மடங்கு அதிகம். கண் சொன்னதோ கப்பல் இருபது மடங்கு அதிகம் என்று.

கடல் தட்டை, அதனால் பரப்பால் வகுத்தோம். வானத்துக்கு ஆழமும் உண்டு, கன அளவால் வகுக்க வேண்டும். 10 மடங்கு தூரம் என்றால் 1,000 மடங்கு கன அளவு. கண் ஏமாறுவதும் அந்த அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது.

வானியலில் பிரகாசத்தைப் பொலிவெண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். 5 பொலிவெண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு. இந்த அளவுகோலை 1856-இல் இப்படி நிலைநிறுத்தியவர் நார்மன் பாக்சன். வானத்தில் நமக்குத் தெரிகிற அளவு தோற்றப் பொலிவெண். அதே பொருளை 10 பார்செக், அதாவது 32.6 ஒளியாண்டு தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் எப்படித் தெரியுமோ அது தனிப் பொலிவெண். சூரியனுக்கு அது 4.83. இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண் 4. ஒரு விண்மீன் இன்னொன்றைவிட ஒரு பொலிவெண் பிரகாசம் என்றால், அதை 1.58 மடங்கு தூரம் வரை பார்க்கலாம், கன அளவு ஏறத்தாழ 4 மடங்காகும். பத்துப் பொலிவெண் வித்தியாசம் என்றால் நான்கைப் பத்துத் தடவை பெருக்க வேண்டும். பத்து லட்சம்.

நம் ஊர் வானத்தையே எடுத்துக்கொள்வோம். செயற்கை ஒளியால் இரவு வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று காட்டும் உலக வரைபடம் ஒன்று 2016-இல் வெளிவந்தது. அதில் ஒளி மாசு மிக மோசமான நாடு சிங்கப்பூர். நம் கண் இரவுப் பார்வைக்கு முழுசாகப் பழக முடியாத வானத்தின் கீழேதான் இங்கே எல்லாரும் வசிக்கிறோம். வீவக புளோக்கின் பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் நின்றால் 3-ஆம் பொலிவெண் வரை தெரிந்தாலே அதிர்ஷ்டம். அந்த வரம்பில், சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் 14 ஒளியாண்டைத் தாண்டினால் மறைந்துவிடும். ஓரியனின் காலில் இருக்கும் ரைஜலின் தனிப் பொலிவெண் சுமார் −7. அதை அதே தாழ்வாரத்திலிருந்து 3,200 ஒளியாண்டு வரை தள்ளி வைத்தாலும் பார்க்கலாம். (அது இருப்பது ஏறத்தாழ 860 ஒளியாண்டில்.) இரண்டுக்கும் உள்ள கன அளவு விகிதம் ஒரு கோடிக்கு மேல். ரைஜல் போன்றவற்றுக்கு நாம் வீசுகிற வலை, சூரியன் போன்றவற்றுக்கு வீசுகிற வலையைவிட ஒரு கோடி மடங்கு பெரிது என்று அர்த்தம். அந்த வலையில் பெரிய மீன் விழுவதில் என்ன ஆச்சரியம்?

மறுபக்கம் பிராக்ஸிமா சென்டாரி. சூரியனை அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன், 4.24 ஒளியாண்டு. தனிப் பொலிவெண் 15.6. 6-ஆம் பொலிவெண் வரை தெரியும் நல்ல கும்மிருட்டு வானத்தில்கூட, 0.4 ஒளியாண்டுக்குள் வந்தால்தான் அது வெறும் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு கிட்டத்தில் எந்த விண்மீனும் இல்லை. பிராக்ஸிமா ஒரு செங்குறுமீன், அதாவது சிறிய, மங்கலான, சிவந்த விண்மீன். நம்மைச் சுற்றி 32.6 ஒளியாண்டுக்குள் இருக்கும் விண்மீன்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரிகிற செங்குறுமீன் ஒன்றுகூடக் கிடையாது. இரவு வானத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் பத்து விண்மீன்களை எடுங்கள்: சிரியஸ், அகத்தியர் மீன் என்று நாம் சொல்லும் கனோபஸ், ஆல்ஃபா சென்டாரி தொடங்கித் திருவாதிரை வரை. பத்துமே சூரியனைவிட ஒளிர்வு, அதாவது உண்மையான பிரகாசம், கூடியவை. நம்மிடமிருந்து 10 ஒளியாண்டுக்குள் மட்டும் பாருங்கள், சூரியனை மிஞ்சியவை இரண்டே இரண்டு: ஆல்ஃபா சென்டாரி ஏ, சிரியஸ் ஏ. இரண்டுமே ஒரே வானத்திலிருந்து எடுத்த பட்டியல்கள்தான். முதலாவது பிரகாசத்தால் வரம்பிட்டது, இரண்டாவது தூரத்தால் வரம்பிட்டது. பத்திரிகையில் ‘விண்மீன்களில் இத்தனை சதவீதம்’ என்று படித்தால், எந்த வகைப் பட்டியல் என்று முதலில் பாருங்கள்.

சரி, ஒளிர்வுச் சார்பு என்பது என்ன? ஒரு கன பார்செக் இடத்தில், தனிப் பொலிவெண் 4-க்கும் 5-க்கும் இடையில் எத்தனை விண்மீன், 5-க்கும் 6-க்கும் இடையில் எத்தனை என்று வரிசையாகச் சொல்லும் பட்டியல். அதையே வளைகோடாகவும் வரையலாம். நம் அக்கம்பக்கத்து விண்மீன்களுக்கு அந்தக் கோடு பிரகாசமான பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்து, மங்கலான பக்கம் ஏறி, தனிப் பொலிவெண் 12 வாக்கில் உச்சியைத் தொட்டு இறங்கும். உச்சியில் இருப்பவை செங்குறுமீன்கள்.

இந்தக் கோட்டை ஒழுங்காக வரைய முயன்ற முன்னோடிகளில் ஒருவர் நெதர்லாந்தின் யாக்கோபஸ் காப்டெய்ன். ஆயுள் முழுக்க விண்மீன் எண்ணியவர். 1922-இல் அவர் தந்த சித்திரத்தில் சூரியன் விண்மீன் கூட்டத்தின் நடுவுக்கு அருகில் இருந்தது, எந்தத் திசையில் போனாலும் கூட்டம் குறைந்துகொண்டே போயிற்று. எங்கே தவறினார்? இதுவும் ஜெட்டியில் தெரியும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்த இரவில் போய் எண்ணிப் பாருங்கள். தூரத்துக் கப்பல் ஒன்றும் தெரியாது. புகை என்று ஒன்று இருப்பதே தெரியாதவர், ‘கப்பலெல்லாம் பிடோக்கைச் சுற்றித்தான் நிற்கின்றன, வெளியே போகப்போகக் கடல் காலி’ என்று எழுதி வைத்துவிடுவார். விண்மீன்களுக்கு இடையில் ஒளியை மறைக்கும் தூசி இருப்பதை ராபர்ட் டிரம்ப்ளர் 1930-இல் தெளிவாகக் காட்டினார். காப்டெய்ன் அதற்குள் காலமாகிவிட்டார். எண்ணியதில் அவர்மேல் குற்றமில்லை, ‘எவ்வளவு தூரம் வரை தெரியும்’ என்பதில்தான் கணக்கு பிசகியது.

தூரம் என்று எழுதியதும் சொல்ல வேண்டியது ஒன்று. தோற்றப் பொலிவைத் தனிப் பொலிவாக மாற்ற ஒவ்வொரு பொருளின் தூரமும் வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் ஆகாது. விண்மீன்களுக்கு இடமாறு தோற்றம் இருக்கிறது: பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் லேசாக அசைவதுபோலத் தெரிவது. ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை ஒரு லட்சத்துச் சொச்சம் விண்மீன்களுக்கு இதை அளந்தது. 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா 140 கோடிக்கு மேற்பட்டவற்றுக்கு அளந்துவிட்டு, 2025 ஜனவரியில் பணியை முடித்தது. கேலக்ஸிகளுக்கு இது எட்டாது. அவற்றின் நிறமாலையில் செம்பெயர்ச்சியை, அதாவது ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை, பார்த்துத் தூரத்தைக் கணிக்கிறார்கள்.

கேலக்ஸி என்றதும் என் பழைய அவமானம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு பட்டியலை எடுத்து, தூரத்தைக் குறுக்கேயும் ஒளிர்வை நெடுக்கேயும் போட்டு வரைந்தேன். அழகாக ஒரு சாய்கோடு வந்தது: தூரம் போகப்போக கேலக்ஸிகள் பிரகாசமாகின்றன! இரண்டு பக்கத்துக்கு விளக்கமும் எழுதினேன், பழங்காலத்துக் கேலக்ஸிகள் ஏன் பிரகாசமாக இருந்தன என்று. தாள் திரும்பி வந்தபோது விளக்கத்தின்மேல் ஒரு கோடு, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: மால்ம்குவிஸ்ட். மதிப்பெண்ணைச் சொல்லப்போவதில்லை.

குன்னர் மால்ம்குவிஸ்ட் சுவீடன்காரர். 1920-களில் இதைக் கணக்காக எழுதிவைத்தவர். பிரகாச வரம்பு வைத்துப் பொறுக்கிய எந்தப் பட்டியலிலும் தூரம் கூடக்கூட மங்கலானவை உதிர்ந்துபோகும், பிரகாசமானவை மட்டும் மிஞ்சும். அந்தப் பட்டியலின் சராசரி, உண்மையான சராசரியைவிட எப்போதும் பிரகாசமாகவே இருக்கும். என் சாய்கோடு இயற்கையில் இருந்ததல்ல, பட்டியலின் விளிம்பைத்தான் நான் வரைந்திருந்தேன். வானியலில் இன்றும் ஆள் விழுகிற குழிகளில் இது முதலாவது என்பேன்.

குழியிலிருந்து ஏறும் ஏணியைத்தான் ஜெட்டியில் ஏற்கெனவே பார்த்தோம். ஒவ்வொரு பொருளும் அதிகபட்சம் எவ்வளவு கன அளவுக்குள் இருந்தால் பட்டியலில் சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தக் கன அளவால் ஒன்றை வகுத்து, ஒளிர்வு வாரியாகக் கூட்டிக்கொண்டே போவது. மங்கலான பொருள் ஒன்று அகப்பட்டால் அதற்கு எடை அதிகம், ஏனென்றால் அதுபோல் அகப்படாதவை ஏராளம். இந்த முறையை 1968-இல் மார்ட்டன் ஷ்மிட் குவேசார்களுக்குப் பயன்படுத்தினார். (குவேசார் என்பது வெகுதொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம்.) அவர் இன்னொரு நுட்பமும் செய்தார். பொருள் இருக்கும் தூரம் வரையிலான கன அளவை, அது தெரியக்கூடிய மொத்தக் கன அளவால் வகுத்தார். குவேசார்கள் வெளி முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் அந்த விகிதத்தின் சராசரி 0.5 வர வேண்டும். குவேசார்களுக்கு அது 0.5-ஐ நன்றாகத் தாண்டியது. அவை தங்களுக்குரிய வலையின் தூரத்து ஓரத்தில் குவிந்திருந்தன என்று பொருள். தூரம் என்பது பழைய காலம். ஆகவே குவேசார்கள் முன்காலத்தில் அதிகமாக இருந்தன. சில டஜன் பொருள்களை வைத்துக்கொண்டு ஒருவர் பிரபஞ்சத்தின் வரலாற்றைப் பற்றி இப்படி ஒன்றைச் சொல்ல முடிந்தது எனக்கு இன்றும் அதிசயம்தான்.

இந்த ஏணியிலும் ஒரு படி ஆடும். படகுகள் கடலில் சீராகப் பரவி நிற்பதில்லை. ஜெட்டியை ஒட்டித்தான் கூடும். 1 கிலோமீட்டருக்குள் எண்ணிய 4 படகை வைத்துக் கடல் முழுக்க அதே அடர்த்தி என்று எடுத்துக்கொண்டால், படகுகளை அதிகமாகக் கணக்கிட்டுவிடுவோம். கேலக்ஸிகளும் அப்படித்தான், கொத்துக் கொத்தாக இருக்கும். நம் அருகில் ஒரு கொத்து இருந்துவிட்டால் மங்கலானவற்றின் எண்ணிக்கை ஊதிப்போகும். இதற்கு மாற்று, எண்ணிக்கையையே கேட்காமல் விகிதத்தைக் கேட்பது. ‘இந்தத் தூரத்தில் தெரியக்கூடியவற்றில், இது இந்த ஒளிர்வோடு இருக்க வாய்ப்பு எவ்வளவு?’ அங்கே கூட்டம் அதிகமோ குறைவோ, மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போய்விடும். 1979-இல் சாண்டேஜ், தம்மன், யாஹில் மூவரும், 1988-இல் எஃப்ஸ்டதியூ, எல்லிஸ், பீட்டர்சன் மூவரும் இந்த வழியில் முறைகளை அமைத்தார்கள். விகிதத்தை மட்டும் கேட்டதால் மொத்த எண்ணிக்கை கையைவிட்டுப் போகும், அதைத் தனியாகக் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும்.

கேலக்ஸிகளின் ஒளிர்வுச் சார்பு எப்படி இருக்கும் என்பதில் பழைய சண்டை ஒன்று உண்டு. எட்வின் ஹபிள் 1930-களில் பார்த்தபோது, நடுத்தர ஒளிர்வில் உச்சம் வைத்து இருபுறமும் இறங்கும் மணி வடிவம் என்று நினைத்தார். ஃபிரிட்ஸ் சுவிக்கி ஒத்துக்கொள்ளவில்லை, மங்கலாகப் போகப்போக எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் என்றார். சுவிக்கி யாரோடும் ஒத்துப்போனவர் அல்ல, ஆனாலும் இதில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. ஹபிள் பார்த்த மணியின் மங்கலான சரிவு இயற்கையில் இல்லை, பட்டியலில்தான் இருந்தது.

1976-இல் பால் ஷெக்டர் ஒரே சூத்திரத்தில் எல்லாவற்றையும் அடக்கினார். மங்கலான பக்கம் மெதுவாக ஏறும் ஒரு கோடு, பிரகாசமான பக்கம் திடீரென்று விழும் ஒரு கோடு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு ‘தனித்துவ ஒளிர்வு’. அது தோராயமாக 2,000 கோடி சூரியன்களின் ஒளிர்வு. நம் பால்வீதி அதற்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டினால் வீழ்ச்சி கடுமை. தனித்துவ ஒளிர்வைப்போல 5 மடங்கு என்றால், சூத்திரத்தில் எண்ணிக்கையைக் குறைக்கும் அடுக்குக்குறிக் காரணி ஆயிரத்துக்கு ஏழு, 10 மடங்கு என்றால் லட்சத்துக்கு ஐந்துகூட இல்லை. மங்கலான பக்கத்துச் சாய்வை ஒரு எண்ணால் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் 3.9 மீட்டர் தொலைநோக்கியில் நடந்த ‘டூ டிகிரி ஃபீல்டு’ கணக்கெடுப்பு அதை −1.21 என்றது. ஸ்லோன் கணக்கெடுப்பில் 1,47,986 கேலக்ஸிகளை வைத்து 2003-இல் வந்த எண் −1.05. அலைநீளப் பட்டை வேறு, திருத்தங்கள் வேறு, அதனால் இந்த வித்தியாசம். சின்ன வித்தியாசம்தானே என்று நினைக்காதீர்கள், மங்கலான முனைக்கு நீட்டிக்கொண்டு போனால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். சாய்வு −1 அல்லது அதற்குக் கீழே என்றால் சூத்திரப்படி கேலக்ஸிகளின் மொத்த எண்ணிக்கைக்கு முடிவே இல்லை. ஆனால் மொத்த ஒளிக்கு முடிவு உண்டு, ஏனென்றால் குட்டிக் கேலக்ஸிகள் கூட்டம் கூட்டமாக இருந்தாலும் ஆளுக்குக் கொஞ்சம்தான் போடுகின்றன. பிரபஞ்சத்து வெளிச்சத்தில் பெரும்பங்கு தனித்துவ ஒளிர்வுக்கு அருகிலிருக்கும் நம் பால்வீதி போன்றவற்றிடமிருந்து வருகிறது.

இந்த இடத்தில் பலரும் விட்டுவிடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான். இதுவரை ஒரு பொருள் தெரியுமா தெரியாதா என்பதை அதன் மொத்தப் பிரகாசம் தீர்மானிக்கிறது என்றே பேசினோம். விண்மீன் ஒரு புள்ளி, அதற்குச் சரி. கேலக்ஸி புள்ளி அல்ல, பரப்பு. அதே ஒளியைப் பெரிய பரப்பில் பரப்பினால் பின்னணி வானத்தின் வெளிச்சத்துக்குள் கரைந்துபோகும். தேக்கா பக்கம் தீபாவளி ஒளியூட்டு நடக்கும்போது நிலாவுக்கு ஒன்றும் ஆவதில்லை, பால்வீதிப் பட்டைதான் அடையாளமே இல்லாமல் போகிறது. பால்வீதியின் ஒளி மொத்தத்தில் குறைவில்லை, வானம் முழுக்க விரிந்து கிடப்பதால் ஒரு சதுர பாகைக்கு வருவது கொஞ்சம். மைக் டிஸ்னி 1976-இல் இதைச் சுட்டிக்காட்டினார்: நமக்குத் தெரிந்த கேலக்ஸிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பரப்புப் பிரகாசத்தில் இருப்பதுபோலத் தோன்றுவது இயற்கை விதியாக இல்லாமல், நம் கண்ணாடியின் குறையாகவும் இருக்கலாம் என்று. பத்து வருடம் கழித்து மாலின் 1 என்ற பூதாகரமான கேலக்ஸி கண்டுபிடிக்கப்பட்டது. மிகப் பெரிய தட்டு, ஆனால் அவ்வளவு மங்கல். அதுவரை அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, நம் வானத்து வெளிச்சத்துக்குக் கீழே கிடந்தது. ஆக, எவ்வளவு தூரம் வரை தெரியும் என்பதோடு எவ்வளவு பரவலாக இருந்தாலும் தெரியும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அளவுப் பிழை இன்னொரு தொல்லை. சந்தையில் 400 கிராம் மீன் 1,000, 500 கிராம் மீன் 100 இருக்கிறது, வேறு அளவு இல்லை என்று வையுங்கள். தராசு பத்தில் ஒரு தடவை 100 கிராம் கூட்டிக் காட்டும், பத்தில் ஒரு தடவை 100 கிராம் குறைத்துக் காட்டும். பட்சபாதம் இல்லாத தராசுதான். எல்லாவற்றையும் நிறுத்தால், 400-லிருந்து 100 மீன் 500-க்கு ஏறிவிடும். 500-லிருந்து 20 மீன்தான் வெளியேறும், மேலே 10, கீழே 10. ஆக 500 கிராம் மீன் 180 என்று கணக்கு வரும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. கூட்டம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத்தான் பிழை ஆளை அனுப்பும். ஆர்தர் எடிங்டன் 1913-இலேயே இதற்குத் திருத்தம் தந்தார். ஒளிர்வுச் சார்பின் பிரகாசமான முனையில், கோடு செங்குத்தாக விழும் இடத்தில், இது பேயாட்டம் ஆடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மிகப் பழைய காலத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமான பிரகாசக் கேலக்ஸிகளைக் காட்டியபோது, நிபுணர்கள் முதலில் தூரக் கணிப்புப் பிழையைச் சந்தேகித்தது இதனால்தான். நிறமாலை எடுத்துப் பார்த்தபோது சில உதிர்ந்தன, பல நின்றுவிட்டன.

இவ்வளவு பாடுபட்டு வரைந்த கோட்டால் என்ன பயன்? ஒன்று மட்டும் சொல்கிறேன். வெண்குறுமீன்கள், அதாவது எரிபொருள் தீர்ந்த விண்மீன்களின் மிச்சங்கள், அணைந்த அடுப்பு மாதிரி, புது நெருப்பு இல்லை, ஆறிக்கொண்டே மங்கும். (வெண்குறுமீன் என்றதும் நமக்கு சுப்ரமணியன் சந்திரசேகர் நினைவு வரும். இது அவருடைய நிறை வரம்பு அல்ல, வெறும் ஆறும் கணக்கு.) அவற்றின் ஒளிர்வுச் சார்பு மங்கலான பக்கம் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் பொசுக்கென்று அறுந்துவிடுகிறது. அதற்கும் கீழே ஆறிப்போக இன்னும் நேரம் ஆகவில்லை என்பதுதான் காரணம். முதல் அடுப்பு அணைந்து எத்தனை காலம் என்று அந்த விளிம்பு சொல்லிவிடும். 1987-இல் விங்கெட்டும் சகாக்களும் இப்படித்தான் பால்வீதித் தட்டின் வயது ஏறத்தாழ 930 கோடி ஆண்டு என்று கணித்தார்கள். ஆனால் அந்த விளிம்பு தொலைநோக்கியின் வரம்பால் வந்ததல்ல, உண்மையான விளிம்பு என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. அங்கேயும் ‘இதைவிட மங்கல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?’ என்ற அதே கேள்விதான்.

இனி தம்பியின் கடைசி வரி. மடிக்கணினி இருந்தால் போதும், வானம் வெளுத்த நம் ஊரிலிருந்தே செய்யலாம். கையாவின் தரவு இலவசம். 326 ஒளியாண்டுக்குள் உள்ள 3,31,312 பொருள்களைத் தொகுத்து 2021-இல் ‘அருகிலுள்ள விண்மீன்கள்’ பட்டியல் ஒன்றும் வெளியிட்டிருக்கிறார்கள், அதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தோற்றப் பொலிவெண்ணும், மில்லி வில்விநாடியில் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) இடமாறு தோற்றமும் இருக்கும். இடமாறு தோற்றத்தின் பத்தடிமான மடக்கையை 5-ஆல் பெருக்கி, தோற்றப் பொலிவெண்ணோடு கூட்டி, 10-ஐக் கழித்தால் தனிப் பொலிவெண். அப்புறம் இரண்டு படம் வரையுங்கள். ஒன்றில் தோற்றப் பொலிவெண் 6-க்குக் குறைவானவை மட்டும். இன்னொன்றில் இடமாறு தோற்றம் 40-க்கு மேலானவை மட்டும், அதாவது 25 பார்செக்குக்குள் இருப்பவை. ஒரே அட்டவணையிலிருந்து வந்த இரண்டு மலைகள். இரண்டாவதன் உச்சி கையா அளக்கும் அலைநீளப் பட்டையில் 10, 11 வாக்கில் நிற்கும். முதலாவது அதற்கு வெகுதூரம் பிரகாசமான பக்கத்தில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலில் சிரியஸைத் தேடாதீர்கள், கிடைக்காது. கையாவின் கருவிக்கு அது அளவுக்கு மீறிய வெளிச்சம், கண் கூசிவிடும். மிகப் பிரகாசமான இன்னும் சிலவும் இப்படி விட்டுப்போயிருக்கும். அவற்றை ஹிப்பார்க்கோஸ் பட்டியலிலிருந்து எடுத்துக் கையால் சேர்த்துக்கொள்ள வேண்டும்.